தூக்கச் சொல்லாத கை

பக்கத்து அறையில் சீப்பு ஒன்று கீழே விழுந்தது.

சமையலறையில் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்த யசுயோவின் காதில் அது விழுந்தாலும் மனதில் ஏறவில்லை. கண்ணாடி மேசையின் மரவிளிம்பில் பட்டு உருளும் சின்னச் சத்தம். யார் கையிலிருந்தும் விழக்கூடியதுதான். சற்று நேரத்தில் மறுபடியும் விழுந்தது. பிறகு இன்னொரு முறை. யசுயோ கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அந்த அறையில் தலை சீவிக்கொண்டிருப்பவள் மிஹோ. ஜூசோ கடைத்தெருவில் முடி திருத்தும் நிலையம் ஒன்றில் பள்ளிப் படிப்பு முடிந்த நாளிலிருந்து வேலை பார்ப்பவள். சீப்பும் கத்தரியும் அவளுக்கு ஆறாவது, ஏழாவது விரல் மாதிரி. அவள் கையிலிருந்து சீப்பு விழுமா?

யசுயோ ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு காகிதக் கதவை நகர்த்தினாள்.

மிஹோ கண்ணாடி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். பருத்தி யுகாதா அங்கியின் கைகள் முழங்கைக்கு மேல் சுருண்டிருந்தன. மேற்கையில் கயிற்றின் தடம் சிவப்பாகப் பதிந்து கிடந்தது. அது யசுயோவுக்குப் பழகிய காட்சி. பழகாதது அந்த வலது கை. மணிக்கட்டிலிருந்து கீழே அப்படியே தொங்கியது, தண்டு ஒடிந்த பூ தலை கவிழ்ந்து நிற்பதுபோல. மிஹோ அதை நிமிர்த்தப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் வந்தது. அதற்கு அப்பால் யாரோ வேறொருத்தியின் கை.

"மரத்துப்போச்சு அக்கா" என்று கண்ணாடியைப் பார்த்தபடியே சொல்லிச் சிரித்தாள்.

ஒத்திகை முடிந்து மூலையில் உட்கார்ந்து சணல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த தொகுஜி எழுந்து வந்தான். யசுயோவின் கணவன். மிஹோவின் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். வெதுவெதுவென்றிருந்தது. நகத்தை அழுத்தி விட்டால் உடனே சிவப்பு ஏறியது. ரத்தம் நன்றாக ஓடுகிறது, பயப்பட ஒன்றும் இல்லை, சாப்பிட்டு முடிப்பதற்குள் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, தோளிலிருந்து விரல்வரை நீவிவிட்டான்.

சாப்பிட்டு முடிந்தது. சரியாகவில்லை. இடது கையில் கரண்டி பிடித்துக் குழந்தைபோல அள்ளிச் சாப்பிட்ட மிஹோ, நாளைக்கு வரும் வாடிக்கையாளர்களுக்கு எல்லாம் ஒரு பக்கம் கோணலாக வெட்டிவிடப் போகிறேன் என்று வேடிக்கை பேசினாள். தொகுஜி சிரித்தான். யசுயோவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே மழை பெய்தது. குடையை விரித்து, இடது கையில் பிடிக்கக் கொடுத்து, ரயில் நிலையம் வரை கூடவே நடந்து ரயில் ஏற்றிவிட்டு வந்தாள்.

* * *

இந்த யசுயோ யார்?

ஜூசோ ரயில் நிலையத்துக்குப் பின்புறம் மதிய உணவுப் பெட்டி விற்கும் கடையில், விடியற்காலையிலிருந்து முட்டை பொரித்துச் சுருட்டிச் சுருட்டி மணிக்கட்டு தேய்ந்துபோன ஒரு பெண். பிறந்தது வகயாமா பக்கம் ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவில். பதினைந்து வயதில் நூல் ஆலைக்கு வந்தவள், அங்கே பஞ்சு மூட்டை ஏற்ற வந்த லாரிக்காரன் தொகுஜியைக் கட்டிக்கொண்டாள். ஒரு குழந்தை. மூச்சே இல்லாமல்தான் பிறந்தது. அதற்குப் பிறகு வேறு இல்லை.

அந்தக் குழந்தையைத் தகனம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து யசுயோவுக்கு அழுகை வரவில்லை. கண் வறண்டே போயிற்று. வருஷம் ஒன்றும் ஓடிவிட்டது. தொகுஜி அப்போது சனிக்கிழமைகளில் நிலவறை மதுக்கடை ஒன்றின் மேடையில் பெண்களைக் கயிற்றால் கட்டிக் காட்டும் ஒருவருக்குக் கையாளாகப் போய்க்கொண்டிருந்தான். லாரியில் சரக்கு கட்டிப் பழகிய கை, சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. ஒரு மழை நாளில் யசுயோ தானாகவே அவன்முன் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளைப் பின்னால் மடித்து வைத்தாள். அவன் தயங்கித் தயங்கிக் கட்டினான். கயிறு நெஞ்சைச் சுற்றி இறுகியபோது, யாரோ தன்னைப் பிடித்துக்கொண்டார்கள், இனி விழமாட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நிமிஷம் உடைந்தாள். வருஷக் கண்ணீர் எல்லாம் தாதாமிப் பாயில் கொட்டியது. தொகுஜியும் அவள் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

ஊரார் இதை என்னவென்று சொல்வார்கள்? சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்கள் இருவருக்கும் அது அப்படித்தான் இருந்தது.

கட்டுப்பட்டிருக்கும்போது பேசக் கூடாது என்பது அந்த உலகத்தின் வழக்கம். பேச்சு அந்த அமைதியைக் கிழித்துவிடும். ஆகவே யசுயோவே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவன் இடையிடையே தன் இரண்டு விரல்களை அவள் உள்ளங்கைக்குள் நுழைப்பான். அவள் இறுக்கிப் பிடித்தால், நான் நலம் என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் உடனே அவிழ்க்க வேண்டும். இருபது வருஷம் அந்த இரண்டு விரல்தான் அவர்களுடைய குடும்பப் பேச்சு. நெரிசலான ரயிலிலும் நடக்கும், அவன் அம்மா செத்த வீட்டிலும் நடந்தது. எங்கே இருந்தாலும் அவன் விரலை நீட்டுவான், அவள் பிடிப்பாள்.

ஐம்பதை நெருங்கியதும் யசுயோவின் இடது தோள் இறுகிவிட்டது. கையைப் பின்னால் கொண்டுபோனால் உயிர் போகிற வலி. சனிக்கிழமைகளில் இருவரும் ஏறிவந்த மேடை நின்றது. மதுக்கடைக்காரர் கவாசே வேறு ஆள் தேடச் சொன்னார். அந்த ஆளைக் கொண்டுவந்தது யசுயோதான்.

முடி வெட்டிக்கொள்ளும் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகவே அவளும் மிஹோவும் சிநேகிதமானவர்கள். கணவனைப் பிரிந்து தனியாக இருந்த மிஹோ, மேடை நிற்பதற்கு முன்பே ஒரு சனிக்கிழமை அவர்கள் கட்டுவதைப் பார்க்க வந்தாள். மறுவாரம் யசுயோவுக்கு முடி வெட்டும்போது கத்தரியை நிறுத்திவிட்டு, நாள் முழுக்க நின்று அடுத்தவர் தலையையே பார்க்கிறேன், ஒரு மணி நேரமாவது ஒன்றும் செய்யாமல், ஒன்றும் முடிவெடுக்காமல் யார் பிடியிலாவது இருக்க வேண்டும்போல் இருக்கிறது என்றாள். யசுயோவுக்கு அது புரிந்தது. தன்னைவிட யாருக்குப் புரியும்? அந்த நாற்காலியில் இருந்தபடியே அவளுக்குச் சொல்லியும் கொடுத்தாள். மூச்சை எப்படி விடுவது, பயம் வந்தால் எதை நினைப்பது, எல்லாம் சொன்னாள். எல்லாம் தன் உடம்பு தனக்குச் சொன்னவை.

* * *

மறுநாள் காலை மிஹோ தொலைபேசியில் கூப்பிட்டாள். கை அப்படியே தொங்குகிறதாம். பல் துலக்க முடியவில்லையாம். இப்போது சிரிக்கவில்லை.

யசுயோ கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவளை மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். நரம்புப் பிரிவில் இருந்த மருத்துவர் இளம்பெண். என்ன நடந்தது என்று கேட்டாள். மிஹோ தலையைக் குனிந்தபடி, குடித்துவிட்டு நாற்காலியின் முதுகில் கையைப் போட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன் என்றாள். மருத்துவர் தலையாட்டினாள். வார இறுதி முடிந்தால் அப்படி ஒன்றிரண்டு பேர் வருவதுதான் என்று சொல்லி, தன் இரண்டு விரல்களை நீட்டினாள்.

"இதை இறுக்கிப் பிடிங்க பார்ப்போம்."

மிஹோ பிடித்தாள். மருத்துவர் இழுத்தும் விரல் வெளியே வரவில்லை. பின்னால் நின்ற யசுயோவுக்குப் போன உயிர் திரும்பியது. பிடிக்கிறாளே. அப்படியென்றால் கை நன்றாகத்தானே இருக்கிறது.

"சரி. இப்ப மணிக்கட்டை மேலே தூக்குங்க."

கை அசையவில்லை.

"விரலை விரிங்க. கட்டைவிரலை மட்டுமாவது."

மிஹோவின் கழுத்து நரம்பு புடைத்தது. உதட்டைக் கடித்தாள். விரல்கள் மேசைமேல் செத்துக் கிடந்தன.

யசுயோ மருத்துவரின் விரல்களைப் பார்த்தாள். இரண்டு விரல். இறுக்கிப் பிடி. தான் கண்டுபிடித்த அதே கேள்வி. செத்துக்கொண்டிருந்த கையிடம் தொகுஜி அந்தக் கேள்வியைக் கேட்கக் கேட்க, அது ஒவ்வொரு முறையும் நலம், நலம் என்று பதில் சொல்லியிருக்கிறது.

"நாற்காலி இல்லை டாக்டர்" என்றாள் யசுயோ. "கயிறு."

மிஹோவின் முகம் கழுத்துவரை சிவந்தது. மருத்துவர் எழுதுவதை நிறுத்தினாள். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த இடத்தில் என்று மட்டும் கேட்டாள். யசுயோ மிஹோவின் சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினாள். தடம் நீலமாக மாறியிருந்தது. மருத்துவர் அதன்மேல் விரல் நுனியால் தட்டிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் மிஹோ துள்ளினாள். கட்டைவிரல் வரைக்கும் மின்சாரம் ஓடுகிறது என்றாள்.

இங்கேதான் நரம்பு எலும்பைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வருகிறது என்று மருத்துவர் விளக்கினாள். எல்லாருக்கும் ஒரே இடத்தில் வராது. சிலருக்கு மேலே, சிலருக்குக் கீழே. சதை உள்ள கையில் அது புதைந்து கிடக்கும். இந்தக் கையில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒன்றுமில்லை. நிமிர்த்துவதும் விரிப்பதும்தான் இந்த நரம்பின் வேலை. இறுக்கிப் பிடிப்பது வேறு நரம்புகளின் வேலை. நசுங்கியது மட்டும் என்றால் சில வாரங்களில் தேறும். உள்ளே அறுந்திருந்தால் நரம்பு தானாக வளர்ந்துவர வேண்டும், மாதக்கணக்கில் ஆகும், எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்க ஒரு பட்டை கட்டி அனுப்பினாள்.

வெளியே நீண்ட தாழ்வாரத்தில் மிஹோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஏன் வாய்விட்டுச் சொல்லவில்லை என்று யசுயோ மெல்லக் கேட்டாள். மிஹோ அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நீங்கதானே அக்கா சொன்னீங்க. முதல்ல மரத்துப்போகும், பயந்துடாதே, பொறுத்துக்கிட்டா அப்புறம் மனசு லேசாயிடும்னு. கட்டைவிரல் பக்கம் சுருக்கு சுருக்குனு ஓடிச்சு. ஓ, இதைத்தான் சொன்னாங்க போலிருக்குன்னு இருந்துட்டேன்."

அதில் கோபம் இருந்திருந்தால் யசுயோ தாங்கியிருப்பாள். கோபம் இல்லை. வகுப்பில் சொன்னபடியே எழுதிவிட்டுத் தப்பு வாங்கிய பிள்ளையின் குரல் அது.

* * *

சாயங்காலம் தொகுஜி லாரியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். யசுயோ நடந்ததைச் சொன்னாள். அவன் குளிக்கக்கூடப் போகாமல் நின்றபடியே வாதாடினான். கட்டு சரியாகத்தான் இருந்தது என்றான். அவள் அசைந்திருப்பாள் என்றான். கேட்கும்போதெல்லாம் விரலைப் பிடித்தாளே, நான் என்ன ஜோசியனா என்றான். சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. பயந்த மனிதனின் சத்தம் அது.

"இருபது வருஷமாக் கட்டுறேன். ஒரு தடவை இப்படி ஆகியிருக்கா, நீயே சொல்லு."

"இருபது வருஷமா நீங்க ஒரே உடம்பைத்தான் கட்டினீங்க."



யசுயோ அலமாரியிலிருந்து கயிற்றை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். சட்டையின் கைகளைச் சுருட்டிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நேற்று அவளைக் கட்டிய மாதிரியே என்னைக் கட்டுங்கள் என்றாள். உன் தோள் தாங்காதே என்று அவன் பின்வாங்கினான். தாங்குகிறதா இல்லையா என்பது என் கவலை என்றாள்.

இடது கை பாதி தூரம்தான் பின்னால் போனது. தோளுக்குள் யாரோ திருப்புளியை வைத்து முறுக்கியதுபோல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கயிறு ஓடியது. அந்தச் சரசரப்பு, அந்த இழுப்பு எல்லாம் அவளுக்கு மனப்பாடம். தொகுஜி பார்த்துக்கூடக் கட்டவில்லை. கண் எங்கோ இருந்தது. கை தானாகவே போயிற்று. முதல் சுற்று தோள் சதையின்மேல் உட்கார்ந்தது. அடுத்தது அதற்குக் கீழே, வருஷக்கணக்காக அதற்கென்றே காத்திருக்கும் பள்ளத்தில், உறைக்குள் கத்தி இறங்குவதுபோலப் போய் உட்கார்ந்தது. எங்கும் குத்தவில்லை. எங்கும் நழுவவில்லை.

"இப்ப பாருங்க."

முதுகுக்குப் பின்னால் வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். விரல்களை விரித்தாள். கட்டைவிரல் தாராளமாக நிமிர்ந்தது.

பிறகு, தோள் எலும்பிலிருந்து கீழ்க்கயிறு வரை உங்கள் கையால் சாண் போட்டுப் பாருங்கள் என்றாள். அவன் அளந்தான். ஒரு சாணும் இரண்டு விரற்கடையும் இருந்தது. காலையில் மருத்துவமனையில் இருந்தபோதே மிஹோவின் கையில் அந்த நீலத் தடம் வரை அவளும் அளந்து வைத்திருந்தாள். தன் சின்னக் கையில் வந்த அந்த நீளத்தை, வீட்டுக்கு வந்ததும் அறையின் பலகைக் கதவுச் சட்டத்தில் தரையிலிருந்து அளந்து நகத்தால் கீறி வைத்திருந்தாள். அவன் அளந்ததையும் அங்கே தரையிலிருந்து வைத்துப் பார்க்கச் சொன்னாள். அவன் விரல் போய் நின்ற இடமும் அந்தக் கீறலும் ஒன்றுதான்.

"அவ எவ்வளவு உயரம்? எனக்குத் தோள் வரைக்கும் வருவாளா? அவ கை எவ்வளவு குட்டை? எனக்குச் சதைமேல விழற கயிறு அவளுக்கு எங்க போய் விழும்? நீங்க அவளைக் கட்டலை. அவ மேல என்னைக் கட்டியிருக்கீங்க."

தொகுஜி சட்டத்தின் முன்னால் அப்படியே உட்கார்ந்தான். விரல் இன்னும் அந்தக் கீறலின்மேல் இருந்தது. லாரியில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு விதமாகக் கயிறு போடுகிறவன். கண்ணாடிக்கு ஒரு கட்டு, அரிசிக்கு ஒரு கட்டு என்று பையன்களை ஏசுகிறவன். ஒரு பெண்ணின் கையை முதலில் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே அவனுக்கு. பெரிய உருவம் குலுங்கிக் குலுங்கி அழுதது. முதன்முதலாக அவளைக் கட்டிய அந்த மழை நாளுக்குப் பிறகு அவன் இப்படி அழுது அவள் பார்த்ததில்லை.

யசுயோவின் இடது தோள் நெருப்பாக எரிந்தது. அவன் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். காத்திருப்பதும் பொறுப்பதும்தானே அவளுக்குத் தெரிந்த வித்தை. அதைத்தானே அந்தப் பாவிப் பெண்ணுக்கும் கற்றுக்கொடுத்தாள். அது நினைவுக்கு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"அவிழ்த்து விடுங்க. வலிக்குது."

தொகுஜி திடுக்கிட்டுத் திரும்பினான். கயிற்றுக்குள் இருந்துகொண்டு அவள் வலிக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

* * *

கோடைகாலம் போயிற்று. கை வரவில்லை.

யசுயோ வாரம் தவறாமல் மிஹோவின் அறைக்குப் போனாள். கடையில் மிஞ்சிய சால்மன் துண்டும் வேகவைத்த பூசணியும் கொண்டுபோனாள். துணி துவைத்துக் கொடுத்தாள். மருத்துவர் சொன்னபடி ஒவ்வொரு விரலாக நிமிர்த்தி நிமிர்த்தி மடக்கினாள். தொகுஜியை மிஹோ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவன் கீழே தெருவில் லாரியை நிறுத்திவிட்டு, மனைவி இறங்கி வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.

இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஒரு நாள் மணிக்கட்டு அசைந்தது. அரைகுறையாகத்தான், ஆனால் மேலே வந்தது. யசுயோ வீட்டுக்கு ஓடிப்போய்ச் சிவப்புப் பயறு போட்டுச் சோறு பொங்கினாள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானவள்போலப் பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு, எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு உடம்பு தேறுகிறது என்றாள்.

அதோடு நின்றுவிட்டது. மணிக்கட்டு பாதி உயர்ந்து நடுங்கும். விரல்கள் விரியாது. கட்டைவிரல் மடங்கியே கிடக்கும். முடி திருத்தும் நிலையத்தில் முதலில் கல்லாவில் உட்காரவைத்தார்கள். பிறகு துண்டு மடிக்கச் சொன்னார்கள். பிறகு முதலாளியம்மாள் மிக மரியாதையாக, கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கொள்ளேன் என்றாள். அந்த மரியாதையின் பொருள் மிஹோவுக்கு உடனே விளங்கிவிட்டது.

கவாசே ஒருமுறை வந்து, கயிறு என்றால் இதெல்லாம் சகஜம், வேறு பெண் இருக்கிறாள், சனிக்கிழமை வா என்று தொகுஜியைக் கூப்பிட்டார். தொகுஜி, போகலாம் என்பதுபோல அவருடைய செருப்பை வாசல் பக்கம் திருப்பி வைத்தான்.

* * *

வருஷக் கடைசியில், வீடுகளில் எல்லாம் ஒட்டடை அடித்துக்கொண்டிருக்கும் நாளில், மிஹோ தானாகவே அவர்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் தோல்பை. அதில் அவளுடைய கத்தரிகள். தொகுஜி உள்ளறையில் கணப்புக்குப் பக்கத்தில் இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து, போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றான்.

"உங்க தலை காடு மாதிரி கிடக்கே அக்கா" என்றாள் மிஹோ. "வேற யார்கிட்டேயும் போகலையா?"

யசுயோ வாயைப் பொத்திக்கொண்டாள். மிஹோவின் கை போன அந்த மழை நாளிலிருந்து அவள் முடி வெட்டிக்கொள்ளவே இல்லை. வேறொருத்தி நாற்காலியில் எப்படிப் போய் உட்காருவது?

மிஹோ செய்தித்தாளை விரித்தாள். யசுயோவை உட்காரவைத்துக் கழுத்தில் துணி சுற்றினாள். முடிச்சுப் போட மட்டும் யசுயோ உதவினாள். மிஹோ பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, இடது கையால் வலது கையின் கட்டைவிரலை எடுத்துக் கத்தரியின் வளையத்துக்குள் நுழைத்தாள்.  யசுயோ கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தை பிறக்கப்போகும் நேரத்தில்கூட அவள் தெய்வத்தை இப்படி மன்றாடிக் கேட்டதில்லை.

கத்தரி மூடிய சத்தம் கேட்டது. ஒரு பிடி முடி மடியில் விழுந்தது.

அடுத்த சத்தம் வரவில்லை.

மூடிய கத்தரி திறக்கவில்லை. மூடுவதற்கு இறுக்கிப் பிடித்தால் போதும். அது அவளிடம் இருந்தது. திறப்பதற்குக் கட்டைவிரல் விரிய வேண்டும். யசுயோவின் முதுகுக்குப் பின்னால் மிஹோவின் மூச்சு மட்டும் வேகவேகமாகக் கேட்டது. கடைசியில் இடது கையால் கத்தரியைப் பிரித்தாள். இன்னொருமுறை வெட்டினாள். மறுபடியும் பிரித்தாள். மறுபடியும் வெட்டினாள். அப்புறம் கத்தரியை மெதுவாகச் செய்தித்தாளின்மேல் வைத்துவிட்டாள்.

"நேத்து டாக்டர் சொல்லிட்டாங்க. இதுக்கு மேல வராதாம். நானே ஒரு தடவை பாத்துக்கணும்னுதான் வந்தேன்."

தொகுஜி தாதாமியில் நெற்றி பட விழுந்தான்.  தொட்டுவிட்டால் தவறாகிவிடுமோ என்று கைகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு கிடந்தான். மிஹோ அந்த அகன்ற முதுகைப் பார்த்தாள். கயிற்றை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். எரித்துவிட்டேன், இனி தொடமாட்டேன் என்று பாயைப் பார்த்தே சொன்னான்.

"எரிச்சா எனக்கு என்ன வரப்போகுது? இன்னொருத்தன் கட்டிக்கிட்டுத்தான் இருப்பான், விரலைக் கொடுத்துப் பிடி பிடின்னு கேட்டுக்கிட்டு. அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. பிடிக்கச் சொல்லாதே, தூக்கச் சொல்லுன்னு. கட்டறதுக்கு முந்தி அவ கையைத் தொட்டுப் பாருன்னு. வாயை மூடிக்கிட்டு இருக்கிறவளை நம்பாதேன்னு. உங்களுக்கு வெட்கமா இருந்தாலும் சொல்லுங்க. என் பேரைச் சொல்லியே சொல்லுங்க."

தொகுஜி நெற்றியை எடுக்காமலே தலையசைத்தான்.

அவள் ஊருக்குப் போகிறாள். தொத்தோரியில் அண்ணன் வீடு. நண்டுகளைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் எடை போடும் வேலை இருக்கிறதாம். அதற்கு ஒரு கை போதுமாம். இன்றைக்கே ரயில்.

வாசலில் அவள் உட்கார்ந்து இடது கையால் காலணியை மாட்டிக்கொண்டாள். யசுயோ பாதி வெட்டின தலையோடு, கழுத்துத் துணியோடு பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். மன்னித்துவிடு என்று கேட்க நினைத்தாள். கேட்டால் அந்தப் பெண் மன்னித்துவிடுவாள். அப்படிப்பட்டவள். அதனாலேயே கேட்கக் கூடாது என்று யசுயோவுக்குத் தோன்றியது.

"கடுதாசி போடு" என்றாள். சொன்ன பிறகுதான், எந்தக் கையால் என்று உறைத்தது. 

மிஹோ நிமிர்ந்தாள். எவ்வளவோ மாதங்களுக்குப் பிறகு அந்தப் பழைய கண்ணாடிச் சிரிப்பு முகத்தில் ஒரு கணம் வந்துபோனது.

"உங்களை வெறுக்கணும்னு எவ்வளவோ பாத்தேன் அக்கா. வரமாட்டேங்குது. இங்க வந்து போய்க்கிட்டே இருந்தா, வெறுக்காமலேயே இருந்துடுவேன். என் கைக்கு அது நியாயம் இல்லை. அதனால வரமாட்டேன். எழுதவும் மாட்டேன்."

குனிந்து வணங்கினாள். பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள். கதவை நான் மூடிக்கொள்கிறேன் என்று யசுயோ எழுந்தாள். மிஹோ வேண்டாம் என்று தலையசைத்தாள். வெளியே நின்று, மடங்கிக் கிடந்த வலது கை விரல்களை நகர்த்தும் கதவின் பிடிகுழியில் கொக்கிபோல மாட்டி, உடம்பையே சாய்த்து இழுத்தாள். கதவு இடையில் ஒரு தடவை சிக்கியது. யசுயோவின் கை தானாக முன்னால் போயிற்று. அதை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

கதவு மெல்ல நகர்ந்து சட்டத்தில் போய் முட்டி மூடிக்கொண்டது.